ஏழாம் எண் தட்டு

ஏப்ரல் 9

ரொட்டி சுடுவதற்கு இல்லை. மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன். ஈஸ்ட் என்று காதில் விழுந்ததும் அம்மாவுக்கு ரொட்டி ஞாபகம் வருகிறது. அதை விட்டால் ஆப்பம்.

"அப்ப எதுக்குத்தான் வளக்குறீங்க?"

"எப்பச் சாகுதுன்னு பாக்க."

"இதுக்கு ஒரு யூனிவர்சிட்டி, அதுக்கு ஒரு ஏசி ரூமு." மாவு வாளியை மூடிவிட்டு, "ஆப்ப மாவுக்கு ஒரு ஸ்பூன் கொண்டாந்தாத்தான் என்ன" என்றாள். அது வெளியில் வரக்கூடாத சரக்கு, ஜீனை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்றேன். "கெட்டுப்போனதா?" என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான்.

அம்மா செல்லூரில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். நான் மாயழகு, இருபத்தொரு வயது. மூன்றாம் வருடத்தில் மைக்ரோபயாலஜியை விட்டுவிட்டேன். போர் அடித்தது. ஐந்து மாதமாக இந்த ஈஸ்ட் லேபில் தற்காலிக உதவியாள். கண்ணாடிச் சாமான் கழுவ வேண்டும், ஆட்டோகிளேவ் என்கிற ராட்சச குக்கரில் எல்லாவற்றையும் அவிக்க வேண்டும், தட்டு ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் தட்டில் சத்துக்கூழ் ஊற்றி உறையவிட்டால் ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு தயார்.

நாளையிலிருந்து வேறு வேலை. அதற்காகத்தான் இந்த நோட்டு. லேபில் பிஎச்.டி. ஆய்வு செய்கிற நிலோஃபர் அக்கா, "பண்றதை அன்னன்னிக்கே எழுதி வை. ஞாபகத்தை நம்பாதே" என்றார். லேப் ரெக்கார்டு அவருடையது, அதில் நான் எழுதக் கூடாது. இது என் பழைய காலேஜ் நோட்டு. முன்பக்கத்துத் தாள்களைக் கிழித்துவிட்டேன்.

ஏப்ரல் 10

விதை பிரித்தேன்.

ஈஸ்ட்டைப் பட்டினி போட்டால் ஒரு பைக்குள் நான்கு விதை கட்டிக்கொண்டு படுத்துவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி, முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் அந்த நான்கையும் தனித்தனியாக எடுத்துத் தட்டில் வரிசையாக வைக்க வேண்டும். அக்காவுக்கு இதில் கை நடுங்கும். எனக்கு நடுங்காது. கிளாஸில் ஐந்து நிமிடம் உட்கார முடியாதவன் இங்கே இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தேன்.

மூன்று பை, பன்னிரண்டு விதை. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்டேன்.

ஏழாவது விதை ஊசியில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. தட்டினேன், உரசினேன், ஊசியைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "விட்டுருடா, வேற பையை எடுத்துக்கலாம்" என்றார். விடவில்லை. நாற்பது நிமிடம். கடைசியில் தானாகவே நழுவி, சரியாக அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

"பிடிவாதம்" என்றார் அக்கா. என்னையா விதையையா என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 11

கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. காலையில் மாவு இல்லை.

ஏப்ரல் 13

பன்னிரண்டும் முளைத்துவிட்டன. ஏழும்.

ஒவ்வொரு விதையும் பெருகி ஒரு வெள்ளைப் பொட்டாக நிற்கிறது. லேபில் காலனி என்பார்கள். எனக்குப் பொட்டு என்று எழுதுவதுதான் வசதி.

எதற்காக இதெல்லாம் என்று அக்கா இன்று விளக்கினார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். ஜெராக்ஸ் மெஷின் ஒவ்வொரு தடவையும் கடைசி வரியை விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெராக்ஸையே மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் இன்னொரு வரி போகும். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோமுக்கு இதுதான் கதி. நுனியில் வெற்று வரிகள் இருக்கிற வரைக்கும் கவலையில்லை. அது தீர்ந்தால் பாடமே வெட்டுப்படும், செல் பிரிவதை நிறுத்திவிடும். அதனால் நுனியில் வெற்று வரிகளைத் திரும்ப எழுதிச் சேர்க்க ஒரு எந்திரம் இருக்கிறது. டெலோமரேஸ். அதற்குள்ளே ஒரு ஆர்.என்.ஏ. இருக்கிறது, எழுதுவதற்கு மாதிரி அதுதான். எஸ்ட்-2 என்ற புரதம் எழுதுகிற கை. எஸ்ட்-1 அந்த எந்திரத்தை நுனிக்கு இழுத்து வருகிறது. எஸ்ட்-3 என்ன செய்கிறது என்று கேட்டேன். அக்கா கொஞ்சம் இழுத்தார்.

இதெல்லாம் ஊருக்கே தெரிந்தது. அக்காவின் கதை அதற்கு அப்புறம். ஆறு வருடத்துக்கு முன்பு எஸ்ட்-2வில் ஒரு கொக்கி மாட்டி வெளியே இழுத்தபோது, தெரிந்த ஆட்களோடு தெரியாத சின்னப் புரதம் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

"கல்யாண போட்டோ மாதிரி வச்சுக்க. ஓரமா ஒருத்தன் நிக்கிறான். மாப்பிள்ளை சொந்தம்னு பொண்ணு வீட்டுல நெனைக்கிறாங்க, பொண்ணு சொந்தம்னு மாப்பிள்ளை வீட்டுல நெனைக்கிறாங்க. சாப்பாட்டுக்கு வந்தவனா, இல்ல தாலி எடுத்துக் குடுக்கிற ஆளா?"

"அவனை வெளிய அனுப்பிட்டு, கல்யாணம் நிக்குதான்னு பாக்கணும்."

"அதேதான்."

லேபில் அந்தப் புரதத்துக்குப் பெயர் ஓரத்து ஆள். சோதனைக் குழாயில் எந்திரத்தை மட்டும் வைத்து அக்கா ஏற்கெனவே பார்த்துவிட்டார். ஓரத்து ஆள் இல்லாமலும் நன்றாகவே எழுதுகிறது. அதனால் அவர் கட்டுரையைப் பார்த்த ஒருவர், அப்படியென்றால் இது சும்மா ஒட்டிக்கொண்டு வந்தது என்று எழுதிவிட்டாராம். "எஸ்ட்-1 இல்லைன்னாலும்தான் குழாயில எழுதும். செல்லுக்குள்ள எழுதாதுல்ல" என்றார் அக்கா, அந்த ஆள் எதிரில் இருப்பதுபோல. செல்லுக்குள் காட்டியே ஆக வேண்டும்.

தாய் ஈஸ்ட்டில் ஓரத்து ஆளின் ஜீன் இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். ஆகவே ஒரு பையிலுள்ள நான்கு விதையில் இரண்டுக்கு ஓரத்து ஆள் உண்டு, இரண்டுக்கு இல்லை. மொத்தத்தில் ஆறு, ஆறு. ஜீன் போனவை மட்டும் வளர்கிற மருந்துத் தட்டில் தேய்த்து, எது எது என்று அக்கா கண்டுபிடித்து, எழுதி, கவரில் போட்டு ஒட்டி, டிராயரில் வைத்துவிட்டார். எனக்குக் காட்டவில்லை.

"உனக்குத் தெரியாது. அதுக்காகத்தான் இந்த வேலைக்கு நீ. தெரிஞ்சவன் கை தானா ஒரு பக்கம் சாயும்."

வேலை இதுதான். மூன்று நாளுக்கு ஒரு முறை, தட்டிலிருந்து ஒரு பொட்டைப் பல்குச்சியால் தொட்டு, புதுத் தட்டில் கீற வேண்டும். ஒரு பொட்டு என்பது இருபத்தைந்து தலைமுறை. எந்திரம் ஓடாத ஈஸ்ட் நான்கைந்து கீறலில் தேய்ந்து நின்றுவிடும். ஓரத்து ஆள் இல்லாத ஆறும் நின்றால் அவன் தாலி எடுத்துக் கொடுக்கிறவன். ஆறும் வளர்ந்தால் சாப்பாட்டுக்கு வந்தவன்.

ஒரு விதி. கீறுவதற்கு முன்பே தட்டின் அடியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட வேண்டும். மூன்று நாள் கழித்து, அந்தப் புள்ளிக்கு மிக அருகில் எந்தப் பொட்டு முளைத்திருக்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். பெரியதோ சின்னதோ, பார்க்கக் கூடாது.

முதல் கீறல் முடிந்தது. கோடுகள் கோலம்போல வந்திருக்கின்றன. நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 16

இரண்டாம் கீறல். பன்னிரண்டும் ஒரே மாதிரி.

காலேஜிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அம்மா பிரித்துப் படித்துவிட்டாள்.

"மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்தா திரும்பச் சேத்துக்குவாங்களாம். மே பதினஞ்சு கடைசி."

"என்ன தப்புக்கு?"

"அது உனக்குல்ல தெரியும்."

கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். நான் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 19

தேர்தல். எல்லோருக்கும் லீவு, ஈஸ்ட்டுக்கு இல்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, மை விரலின்மேல் கையுறை மாட்டி மூன்றாம் கீறல்.

இரண்டு, மூன்று, ஐந்து, பத்து, பன்னிரண்டு, இவற்றின் பொட்டுகள் கொஞ்சம் சின்னது. ஏழும் கொஞ்சம். கவர் எதற்கு, கண்ணே சொல்லிவிடும்போலிருக்கிறது.

அக்கா போனில் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். நான்கு வயது. உத்தமபாளையத்தில் அக்காவின் அம்மாவிடம் வளர்கிறது. "ஜூன்ல வந்துருவேன்டி. அங்கயே வேலை, அங்கயே இருப்பேன்" என்றார். அந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேலை சொல்லியிருக்கிறார்களாம். மே 31க்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான். ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனி கிடையாது.

ஏப்ரல் 22

நான்காம் கீறல். இரண்டும் மூன்றும் குருணை மாதிரி. ஐந்து, பத்து, பன்னிரண்டும் அப்படித்தான்.

ஏழு: புள்ளிக்குக் கிட்டே இருந்ததை எடுத்தேன். கிட்டே என்பதற்கு என்ன அளவு, ஸ்கேல் வைத்தா பார்க்க முடியும்.

மாலையில் தட்டு ஊற்றினேன், நூறு.

ஏப்ரல் 23

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். பஸ் இல்லை. நடந்தே போய், நடந்தே வந்தேன். ஈஸ்ட்டைப் பார்க்கவில்லை. சாமியையும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 25

ஐந்தாம் கீறல். அந்த ஐந்தும் படுத்துவிட்டன. தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் பொட்டு தெரிகிறது.

ஏழு நன்றாக இருக்கிறது. கொழுகொழுவென்று இருக்கிறது. நல்லதாக ஒன்றை எடுத்தேன்.

அக்கா ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பார்த்தார். ஏழை மட்டும் இரண்டு தரம் எடுத்தார்.

ஏப்ரல் 28

ஞாயிறு. ஆறாம் கீறல். மூன்றிலும் பன்னிரண்டிலும் எடுக்கப் பொட்டே இல்லை. ஏழில் இடமில்லாத அளவுக்கு.

தேவசகாயம் சார் சர்ச் முடித்து நேராக வந்தார். அக்காவின் வழிகாட்டி அவர்தான். கவரைப் பிரித்தார்கள். ஓரத்து ஆள் இல்லாதவை: 2, 3, 5, 7, 10, 12.

ஆறில் ஐந்து தட்டு செத்திருக்கிறது, ஒன்று செழிக்கிறது.

"சர்வைவரா இருக்கும் சார்" என்றார் அக்கா. எந்திரம் இல்லாமலே குறுக்கு வழியில் நுனியை ஒட்டவைத்துப் பிழைத்துக்கொள்கிற செல்லுக்கு அப்படிப் பெயராம். லட்சத்தில் ஒன்று வரும்.

"சர்வைவர்னா மொதல்ல விழுந்துட்டு, அப்புறம் எந்திரிக்கும்மா. இது விழவே இல்லையே." சார் தட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "பன்னெண்டையும் ஒரே கைதான் கீறிருக்கு, கீறினவனுக்கு எதுவும் தெரியாது. அப்ப இது நெசம். இதுல என்னமோ இருக்கு. சீக்வென்ஸுக்கு அனுப்புவோம். இது தனி சாப்டரு."

"சார், மே முப்பத்தொண்ணு."

"இதை விட்டுட்டு எப்படிம்மா சப்மிட் பண்றது? வைவாவுல மொதக் கேள்வியே ஏழு ஏன் சாகலைன்னுதான் வரும். ஆறு மாசம் ஸ்பெஷல் பெர்மிஷன் கேப்போம்."

என்னைப் பார்த்து, "நல்ல கைடா தம்பி" என்றார்.

சார் போனபிறகு அக்கா சிங்கில் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 29

இன்று முழுக்கப் பல்குச்சி அடுக்கினேன். டப்பாவுக்கு இருநூறு. முனை எல்லாம் ஒரே பக்கம்.

மே 1

லீவு. வீட்டில்தான் இருந்தேன்.

சார் சொன்னது தப்பு. ஏழு விழுந்தது. நான் பார்த்தேன். இந்த உலகத்தில் அதைப் பார்த்தது நான் மட்டும்தான்.

22ஆம் தேதி ஏழாம் தட்டில் புள்ளிக்குப் பக்கத்தில் நின்ற பொட்டு ஊசிமுனை அளவுதான் இருந்தது. தொட்டால் குச்சியில் ஒட்டுமா என்பதே சந்தேகம். இரண்டு விரல்கடை தள்ளி ஒன்று ஜம்மென்று நின்றது. அதை எடுத்தேன். 25ஆம் தேதி இருந்ததிலேயே பெரியதை எடுத்தேன். 28ஆம் தேதியும் அதேதான். மற்ற பதினொன்றில் புள்ளிதான், ஒழுங்காக.

ஏன் என்றால், ஏன். நாற்பது நிமிடம் ஊசியில் பிடித்து இறக்கிய ஒன்று. அது வளர வேண்டும் என்று இருந்தது. எது எது என்று தெரியாதவன் கை சாயாது என்று அக்கா நினைத்தார். தெரியாவிட்டாலும் சாய்கிறது.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சார் சந்தோஷமாக இருக்கிறார். எனக்கு நல்ல கை என்று பெயர். அக்கா ஆறு மாதம் ஏழின் பின்னால் அலைவார், அதில் ஒன்றும் இருக்காது.

காலேஜிலும் யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர்தான், "அளவீடெல்லாம் ரொம்ப அழகா வந்திருக்கே தம்பி" என்றார். அழகாக வந்தால் என்ன தப்பு. அவ்வளவுதான் எழுதுவேன்.

அம்மா மாவைத் தொட்டுப் பார்த்து, "இன்னைக்குப் புளிக்கல, தாமதமாத்தான் குடுக்கணும்" என்றாள். சோடா மாவு போட்டுக் கொடுத்தால் யாருக்குத் தெரியும் என்றேன்.

"வாங்கிட்டுப் போறவளுக்கு இட்லி ஊத்துறப்பத் தெரியும்டா" என்றாள்.

மே 3

சொல்லிவிட்டேன்.

காலையில் அக்கா கையுறையை மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். ஒரு கை மாட்டியாயிற்று, மற்றொன்று பாதியில் நின்றது.

"எத்தனை தடவை?"

"மூணு."

"வேற எதுலயாச்சும்?"

"இல்ல."

"எப்படி நம்புறது?"

"நோட்டுல அன்னன்னிக்கு எழுதிருக்கேன். பாத்துக்கங்க."

இந்த நோட்டைக் கொடுத்தேன். அக்கா நின்றபடியே படித்தார். 22ஆம் தேதிக்கு வந்ததும் விரலை வைத்தார்.

"‘கிட்டே என்பதற்கு என்ன அளவு.’ அன்னைக்கே தெரிஞ்சுதான் எழுதிருக்க."

நான் குனிந்து அந்த வரியைப் பார்த்தேன்.

"இது பொய்யும் இல்ல, நெசமும் இல்ல. இந்த மாதிரி வரி என் ரெக்கார்டுலயும் ரெண்டு மூணு கெடக்கு. எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும்." நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு உன்னைய அறையணும்போல இருக்கு. கையில கிளவுஸ் இருக்கு."

"கழட்டிக்கங்க."

"வாயை மூடு."

கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து குளிர் அறைக்குள் போனார். நான் வெளியே நின்றேன். பத்து நிமிடம் கழித்து ஒரு தட்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். எதையும் எறிந்துவிடாதே என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஒவ்வொரு கீறலின் பழைய தட்டுகளையும் மெழுகுத்தாள் சுற்றித் தேதி போட்டு நான்தான் அடுக்கி வைத்தேன். எடுத்துவந்தது 19ஆம் தேதி அடுக்கு.

ஏழாம் தட்டைக் கவிழ்த்தார். மார்க்கர் புள்ளி அப்படியே இருக்கிறது. திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். புள்ளிக்கு நேர் மேலே ஊசிமுனை மாதிரி அதுவும் இருக்கிறது. அந்தப் பக்கம், ஜம்மென்று நின்றதன் உச்சியில் என் பல்குச்சி போட்ட பள்ளம்.

"இதானே?"

"இதான்."

"உயிரோட இருக்கான்னு தெரியல. பதினோரு நாள் குளிர்ல கெடந்திருக்கு." நாட்காட்டியைப் பார்த்தார். "இங்கேருந்து திரும்பப் போனா மூணு கீறல். நாளைக்கு ஆரம்பிச்சா பதிமூணாந் தேதி தெரிஞ்சிரும். எழுதுறதுக்குப் பதினெட்டு நாள் இருக்கு."

"ஏழை மட்டுமா?"

"பன்னெண்டும். ஏழை மட்டும் திரும்பப் பண்ணா, அதுவும் ஏழுக்குக் காட்டுற சலுகைதான்."

மதியம் சாரிடம் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அன்று என்னை நல்ல கை என்று சொன்னது அவர் முகத்தில் தெரிந்தது.

"ஏழைத் தூக்கிப் போட்டுருவோம்மா. தட்டு கெட்டுப்போச்சுன்னு ஒரு வரி. அஞ்சுக்கு அஞ்சு போதும்."

"தட்டு கெடல சார்."

"சரி, திரும்பப் பண்ணு. ஆனா வேற ஆளை வச்சுப் பண்ணு. இவனையே திரும்ப விடுவியா?"

"இந்த லேபுல பண்ண தப்பைத் தானா வந்து சொன்னது இவன் ஒருத்தன்தான் சார். மத்த யாரும் பண்ணவே இல்லைன்னு நான் எப்படி நம்புறது?"

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்த அறையில் அவரும் இருந்தார் என்பது அக்காவுக்கு அப்புறம்தான் உறைத்ததுபோல. வெளியே வந்து, "கொஞ்சம் ஓவராப் போயிருச்சோ" என்றார்.

ஆமாம் என்றேன்.

மே 4

நான்காம் கீறல், மறுபடி. அக்கா கறுப்பு அட்டையில் வட்டமாக ஒரு ஓட்டை வெட்டிக் கொடுத்தார், சுண்டுவிரல் நகம் அளவு. அட்டையைத் தட்டின்மேல் போட்டு, ஓட்டை புள்ளிக்கு நேராக வரும்படி அவரே பிடித்துக்கொண்டார். ஓட்டைக்குள் தெரிவதை மட்டும் நான் எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் இருட்டு.

ஏழின் முறை வந்தது. குச்சியால் தொட்டேன். ஒட்டியதா தெரியவில்லை. கீறினேன்.

"பாவமா இருக்கா?" என்றார் அக்கா.

"இல்ல."

"எனக்கு இருக்குடா" என்றார்.

மே 7

ஏழு முளைத்திருக்கிறது. இருபது பொட்டு இருக்கும், எல்லாம் தூசி அளவு. இரண்டு, மூன்று, ஐந்து, பத்து, பன்னிரண்டும் அதே லட்சணம். மற்ற ஆறும் நன்றாக இருக்கின்றன.

ஐந்தாம் கீறல். ஓட்டைக்குள் தெரிந்ததை எடுத்தேன்.

அக்கா எழுத ஆரம்பித்துவிட்டார். முடிவுக்கு இடம் விட்டு, முன்னுரையிலிருந்து.

மே 10

ஆறாம் கீறல். ஏழில் ஓட்டைக்குள் ஒன்றுமே தெரியவில்லை. அக்கா அட்டையை மெல்ல நகர்த்தி, அருகில் எது இருக்கிறதோ அதை ஸ்கேல் வைத்து அளந்து காட்டினார். ஆறு மில்லிமீட்டர். "கிட்டேன்னா இதான் அளவு" என்றார். எடுத்தேன்.

சாமி படத்துக்குப் பின்னாலிருந்த கடிதத்தை அம்மா என் தலையணைமேல் வைத்திருக்கிறாள்.

மே 12

எழுதி எழுதிக் கிழித்தேன்.

மே 13

காலை ஏழரைக்கே போய்விட்டேன். அக்கா அதற்கு முன்பே வந்திருந்தார். தட்டுகள் வளர்கிற இன்குபேட்டரைத் திறக்காமல் எனக்காக நின்றிருந்தார்.

2: இல்லை. 3: இல்லை. 5: மூன்று பொட்டு, தூசி. 10: இல்லை. 12: இல்லை.

ஏழைச் சாய்த்துப் பார்த்தேன். கவிழ்த்துப் பார்த்தேன். என் கோடுகள் மட்டும் கூழின்மேல் கோலம்போல இருக்கின்றன. அவற்றின்மேல் ஒன்றும் இல்லை.

மற்ற ஆறும் வழக்கம்போலக் கொழுகொழு.

அக்கா சத்தமே இல்லாமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஆறுக்கு ஆறு. ஓரத்து ஆள் இல்லாமல் கல்யாணம் நடக்காது. பிறகு ஊருக்குப் போன் போட்டு மகளிடம், "உம்மா ஜூன்ல வாரேன்டி" என்றார். அந்தப் பக்கத்தில் மகள் என்ன சொன்னதோ, "இல்லடி, இந்தத் தடவ நெசமா" என்றார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஏழாம் தட்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

அக்கா லேப் ரெக்கார்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

"நீயே எழுது. ஏப்ரல் இருபத்திரண்டு, இருபத்தஞ்சு, இருபத்தெட்டு, என்ன பண்ணன்னு எழுது. அப்புறம் இன்னைக்குள்ளதை எழுது. கீழ கையெழுத்துப் போடு."

"உங்க ரெக்கார்டு."

"இந்தப் பக்கம் உன்னுது."

எழுதினேன். அரைப் பக்கம் வந்தது. கடைசி வரி: 7, ஆறாம் கீறல், வளர்ச்சி இல்லை.

மே 15

ரெக்கார்டில் எழுதிய பேனா என்னிடமே வந்துவிட்டது. அதிலேயே காலேஜுக்கு இன்னொன்றும் எழுதினேன். மூன்று வரிதான். இங்கேயும் எழுதி வைக்கிறேன், இந்த நோட்டின் முன்பக்கத்தில் கிழித்த தாள்களின் கதை இதுதான்: பத்து அளவீடுகளில் நான்கைத்தான் எடுத்தேன். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மீதி ஆறையும் நானே இட்டுக்கட்டி எழுதினேன். கேட்டபோது இல்லை என்று சொன்னேன்.

மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. அம்மா படித்துவிட்டு, "அது எங்கடா" என்றாள். வேண்டுமானால் அவர்களே போட்டுக்கொள்ளட்டும் என்றேன். முறைத்தாள். பிறகு மடிப்பு கலையாமல் கவரில் வைத்துத் தந்தாள். சேர்ப்பார்களா தெரியாது. ஆபீஸ் பன்னிரண்டு மணிவரைதான், இங்கிருந்து இரண்டு பஸ். கீழே பஸ் ஹாரன் கேட்கிறது. போக வேண்டும்.